குறைந்தபட்சக் கூலியை ஏற்றினால் வேலை போகுமா?

கேள்வி இதுதான்: அரசு குறைந்தபட்சக் கூலியை ஏற்றினால் முதலாளி ஆளைக் குறைத்துவிடுவார், கடைசியில் அடி தொழிலாளிக்குத்தான் என்று பனியன் கம்பெனி வைத்திருப்பவர்கள் சொல்கிறார்கள். அதெல்லாம் பழைய கதை, வேலை போகாது என்று புது ஆராய்ச்சிகள் நிரூபித்துவிட்டன என்று சங்கத்துக்காரர்கள் சொல்கிறார்கள். எது சரி?

இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. கடந்த முப்பது வருட ஆராய்ச்சியைச் சேர்த்துப் பார்த்தால் கிடைக்கும் விடை இது: ஏற்றம் மிதமாக இருந்து, அந்தத் தொழில் விலையைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ள முடிந்ததாகவும் இருந்தால், வேலை இழப்பு மிகச் சிறியது, பல இடங்களில் கண்டுபிடிக்கவே முடியாத அளவு. ஏற்றம் உள்ளூர் சம்பளத்துக்குப் பொருந்தாத உயரத்துக்குப் போனாலோ, சரக்கு வெளிநாட்டு விலையோடு மோத வேண்டியதாக இருந்தாலோ வேலை போகும், போயிருக்கிறது. ஆகவே "போகுமா, போகாதா" என்று மொட்டையாகக் கேட்டால் பதில் வராது. எவ்வளவு ஏற்றம், எந்தத் தொழில், அந்த ஊரில் வேலைக்கு எத்தனை வாசல்கள் என்று கேட்க வேண்டும்.

முதலில் இந்தச் சண்டை எங்கே தொடங்கியது என்று பார்ப்போம். 1990 வரை பாடப்புத்தகம் சொன்னது ஒரே வரி: ஒரு பொருளின் விலை ஏறினால் வாங்குவது குறையும், உழைப்பும் அப்படித்தான். அதை நேரில் சோதித்தவர்கள் டேவிட் கார்டு, ஆலன் க்ரூகர் என்ற இரண்டு அமெரிக்கப் பொருளாதார ஆய்வாளர்கள். 1992 ஏப்ரல் 1 அன்று அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக ஏற்றியது. ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் பென்சில்வேனியா ஏற்றவில்லை. இருவரும் பர்கர் கிங், கே.எஃப்.சி., வெண்டிஸ், ராய் ரோஜர்ஸ் ஆகிய நான்கு கடைத்தொடர்களில் 410 கடைகளை எடுத்துக்கொண்டார்கள். நியூ ஜெர்சியில் 331, கிழக்குப் பென்சில்வேனியாவில் 79. ஏற்றத்துக்கு முன் பிப்ரவரி, மார்ச்சில் ஒரு முறையும், ஏற்றத்துக்குப் பின் நவம்பர், டிசம்பரில் ஒரு முறையும் ஆள் கணக்குக் கேட்டார்கள். முழுநேர ஆள் ஒன்று, பகுதிநேர ஆள் அரை என்று எண்ணினார்கள். இடையில் மூடிய கடைக்குப் பூஜ்யம் போட்டார்கள். இது முக்கியம்; மூடிய கடையை விட்டுவிட்டால் கணக்கு பொய்யாகிவிடும்.

வந்த எண்கள்: நியூ ஜெர்சியில் கடைக்குச் சராசரி 20.44 ஆள் இருந்தது 21.03 ஆனது. பென்சில்வேனியாவில் 23.33 இருந்தது 21.17 ஆனது. நியூ ஜெர்சியில் 0.59 கூடியது, அக்கரையில் 2.16 குறைந்தது. இரண்டுக்கும் உள்ள இடைவெளி ஏறக்குறைய 2.75 ஆள். கூலி ஏறாத பக்கத்தில் நடந்தது, கூலி ஏறிய பக்கத்திலும் ஏற்றமில்லாமல் இருந்திருந்தால் நடந்திருக்கும் என்று வைத்துக்கொள்வதுதான் இந்த முறையின் உயிர். அந்த அனுமானம் உடைந்தால் முடிவும் உடையும். இந்த ஆய்வில் இடைவெளி முழுக்க நியூ ஜெர்சியின் வளர்ச்சியால் வரவில்லை, பெரும்பங்கு பென்சில்வேனியாவின் சரிவால் வந்தது என்பதைக் கவனியுங்கள். பிழை அளவும் பெரியது, ஏறக்குறைய 1.4 ஆள். அதாவது உண்மையான விளைவு பூஜ்யத்தை ஒட்டியும் இருக்கலாம், ஐந்து ஆளாகவும் இருக்கலாம். "கூலி ஏறினால் வேலை கூடும்" என்று இதைப் பிடித்துக்கொண்டு மேடையில் பேசுபவர்கள் அந்த ஆய்வே சொல்லாததைச் சொல்கிறார்கள். அது சொன்னது, வேலை குறைந்ததற்கு அத்தாட்சி இல்லை என்பது மட்டும்.

டேவிட் நியூமார்க், வில்லியம் வாஷர் இருவரும் தொலைபேசியில் கேட்ட எண்ணை நம்பமாட்டோம் என்று கடைகளின் சம்பளப் பட்டியலை வாங்கி நேர்மாறான முடிவைச் சொன்னார்கள். 2000இல் கார்டும் க்ரூகரும் அரசுப் பதிவேட்டு எண்களை வைத்துத் திரும்பச் செய்து, பெரிய விளைவு எதுவும் இல்லை என்றார்கள். க்ரூகர் 2019இல் இறந்துபோனார். 2021இல் கார்டுக்குப் பொருளாதார நோபலில் பாதி கிடைத்தது. மறுபாதி ஜோஷுவா ஆங்க்ரிஸ்டுக்கும் கீடோ இம்பென்ஸுக்கும்.

இரண்டு மாநிலம், ஒரு வருடம் என்ற சின்ன மாதிரியின் குறையை நீக்கியது 2019இல் வந்த ஓர் ஆய்வு. டோருக் செங்கிஸ், அரிந்திரஜித் தூபே, அட்டிலா லிண்ட்னர், பென் ஸிப்பரர் ஆகிய நால்வர் 1979 முதல் 2016 வரை அமெரிக்க மாநிலங்களில் நடந்த 138 ஏற்றங்களை ஒன்றாக எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் முறை எளிமையானது, கையாலேயே போட்டுப் பார்க்கலாம். கூலியைப் படிகளாகப் பிரித்து ஒவ்வொரு படியிலும் எத்தனை வேலை என்று எண்ண வேண்டும். கூலி ஏறியதும் புதிய வரம்புக்குக் கீழே உள்ள படிகள் காலியாகும். அங்கிருந்தவர்கள் எங்கே போனார்கள்? வேலையோடு மேலே ஏறியிருந்தால், வரம்பிலும் அதற்குச் சற்று மேலேயும் ஒரு மேடு தெரிய வேண்டும். கீழே விழுந்த பள்ளமும் மேலே எழுந்த மேடும் சமமானால் வேலை போகவில்லை. பள்ளம் பெரிதாகி மேடு சிறிதானால், அந்த வித்தியாசம்தான் போன வேலை. அவர்கள் கண்டது: மொத்த வேலையில் பள்ளம் 1.8 சதவீதம், மேடு 2.1 சதவீதம். ஐந்து வருடம் பார்த்தும் அப்படியே.

இந்த முறையின் இன்னொரு நன்மை, பொய்யான முடிவைப் பிடித்துக்கொடுப்பது. குறைந்தபட்சக் கூலி ஏறியதால் மணிக்கு 40 டாலர் வாங்குகிறவர் வேலை போயிற்று என்று ஒரு கணக்கு காட்டினால், அது கூலி ஏற்றத்தின் வேலை இல்லை, வேறு ஏதோ ஒன்று உள்ளே புகுந்திருக்கிறது. பழைய ஆய்வுகள் சில அப்படித்தான் கவிழ்ந்தன. இதே ஆய்வில், சங்கத்துக்காரர்கள் மேற்கோள் காட்டாமல் விட்டுவிடும் ஒரு வரியும் உண்டு: வெளிச்சந்தையோடு போட்டி போடும் சரக்குகளைச் செய்யும் தொழில்களில் வேலை குறைந்ததற்கான அறிகுறி இருந்தது. பனியன் விஷயத்துக்கு வரும்போது அதைத் திரும்ப எடுப்போம்.

எதிர்ப்பக்கத்தில் அடிக்கடி காட்டப்படுவது அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள சியாட்டில். 2016இல் அந்த நகரம் பெரிய நிறுவனங்களுக்கு 13 டாலர் வரை ஏற்றியதும், வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு ஒன்று, குறைந்த கூலி வேலைகளில் மணிக்கணக்கு 9 சதவீதம் குறைந்தது, கூலி 3 சதவீதம்தான் ஏறியது, ஆக ஒரு வேலைக்குச் சராசரியாக மாதம் 125 டாலர் நஷ்டம் என்று 2017இல் சொன்னது. அந்த மாநிலம் வேலை மணிகளையும் அரசுப் பதிவில் வாங்குகிறது. பெரும்பாலான இடங்களில் அது கிடைக்காது. அது பலம். பலவீனம் இரண்டு. பல கிளைகள் வைத்திருக்கும் நிறுவனங்களை அவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை, ஏனென்றால் எந்தக் கிளை நகருக்குள் இருக்கிறது என்று பதிவில் தெரியவில்லை. அடுத்தது, மணிக்கு 19 டாலருக்குக் கீழ் இருப்பதைத்தான் குறைந்த கூலி என்று வைத்தார்கள். அப்போது சியாட்டிலில் ஆள் கிடைக்காத காலம். 18 டாலர் வாங்கியவர் 20 டாலருக்குத் தாவினாலும் "ஒரு குறைந்த கூலி வேலை போயிற்று" என்று பதிவாகும். அதே குழு அடுத்து வேலையில் ஏற்கெனவே இருந்தவர்களைத் தனித்தனியாகப் பின்தொடர்ந்து பார்த்தபோது, அனுபவமுள்ளவர்களுக்கு வருமானம் கூடியிருந்தது. புதிதாக வேலைக்குள் நுழைகிறவர்கள் குறைந்திருந்தார்கள். இதை நான் முக்கியமாக நினைக்கிறேன். ஆட்குறைப்பு என்றால் இருப்பவரை வெளியே தள்ளுவது என்று நினைக்கிறோம். நடப்பது பெரும்பாலும் வேறு: போகிறவர் இடத்தில் புது ஆளைப் போடாமல் விட்டுவிடுவார்கள். பாதிக்கப்பட்டவர் கம்பெனி வாசலுக்கு உள்ளே இல்லாததால் அவர் எந்தச் சங்கத்தின் உறுப்பினரும் இல்லை, எந்தக் கூட்டத்திலும் பேசமாட்டார்.

அப்படியானால் இரு தரப்பும் ஏன் இன்னும் ஆய்வுகளைக் காட்டிச் சண்டை போடுகிறார்கள்? ஒரு தரப்பு கூடுமா குறையுமா என்ற குறியைப் பார்க்கிறது, மறுதரப்பு எவ்வளவு என்ற அளவைப் பார்க்கிறது. நியூமார்க்கும் பீட்டர் ஷெர்லியும் அமெரிக்க ஆய்வுகளைத் தொகுத்து, ஏறக்குறைய 80 சதவீதத்தில் வேலை குறையும் என்றே விடை வருகிறது என்று காட்டினார்கள். தூபேயும் ஸிப்பரரும் 2024இல் 72 ஆய்வுகளைத் தொகுத்து, கூலி ஒரு சதவீதம் ஏறினால் வேலை எத்தனை சதவீதம் மாறும் என்ற எண்ணின் நடுமதிப்பு கழித்தல் 0.13 என்றார்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று முரணே இல்லை. கழித்தல் 0.13 என்பதும் "குறையும்" என்ற குறிதானே.

அந்த 0.13 என்றால் என்ன என்று ரூபாயில் போட்டுப் பார்த்துவிடலாம். 100 பேர், நாளுக்கு 500 ரூபாய், மொத்தம் 50,000. கூலி 10 சதவீதம் ஏறி 550 ஆகிறது. ஒருவரும் போகாவிட்டால் மொத்தம் 55,000. ஆனால் 10 சதவீதத்துக்கு 1.3 சதவீதம் வேலை போகும் என்றால் 98.7 பேர், அவர்கள் கைக்கு 54,285. தொழிலாளர் கூட்டத்துக்கு மொத்தமாக 5,000 வந்திருக்க வேண்டிய இடத்தில் 4,285 வந்திருக்கிறது. லாபம்தான், சந்தேகமில்லை. அந்த ஒன்றேகால் ஆளுக்கு என்ன பதில் என்பது ஆராய்ச்சி தீர்க்கும் கேள்வி அல்ல, அரசியல் தீர்க்க வேண்டிய கேள்வி. எண் கழித்தல் 1 ஆகிவிட்டால்தான் ஏற்றியதும் இழந்ததும் சரிக்குச் சரியாகும். அடுத்த முறை ஏதாவது ஒரு ஆய்வின் தலைப்பைப் பார்த்தால் இந்த ஒரு எண்ணைத் தேடுங்கள். "ஆயிரக்கணக்கான வேலை போகும்" என்ற வரிக்கு, எத்தனை லட்சம் பேரில், எவ்வளவு ஏற்றத்துக்கு என்று தெரியாமல் அர்த்தமே கிடையாது.

சரி, ஏறிய கூலிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? வானத்திலிருந்து வராது. நான்கு இடம் உண்டு: விலை, லாபம், ஆட்கள் அடிக்கடி நின்று போவதால் ஆகும் செலவு மிச்சமாவது, கடைசியாக ஆள் குறைப்பு. இதில் ஹங்கேரி நல்ல பாடம். அங்கே குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 25,500 ஃபோரின்ட்டிலிருந்து 2001இல் 40,000 ஆகவும், 2002இல் 50,000 ஆகவும் ஏறியது. இரண்டே வருடத்தில் ஏறக்குறைய இரட்டிப்பு. பீட்டர் ஹரஸ்தோசியும் லிண்ட்னரும் கம்பெனிகளின் வரவு செலவுக் கணக்கையே எடுத்துப் பார்த்தார்கள். சுமையில் சுமார் 75 சதவீதத்தை விலை ஏற்றத்தின் வழியாக வாங்குபவர்கள் தாங்கினார்கள், 25 சதவீதத்தை முதலாளிகள் தாங்கினார்கள். வேலை இழப்பு சிறியது. ஆனால் விலையை ஏற்ற முடியாத தொழில்களில், குறிப்பாக ஏற்றுமதிச் சரக்குகளில், அது பெரிதாக இருந்தது.

விலையை ஏற்றவே முடியாத இடத்தின் முற்றிய உதாரணம் பசிபிக் கடலில் உள்ள அமெரிக்கன் சமோவா. 2007இல் அமெரிக்க நாடாளுமன்றம் அந்தத் தீவுக்கும் வருடா வருடம் 50 சென்ட் ஏற்றம் என்று சட்டம் போட்டது. அப்போது அங்கே மீன் டப்பா ஆலைகளில் மணிக்கு 3.26 டாலர்தான் கூலி. சூரை மீனை டப்பாவில் அடைத்து விற்கும் விலையைத் தீர்மானிப்பது தாய்லாந்து. 2009 செப்டம்பரில் இரண்டு பெரிய ஆலைகளில் ஒன்று மூடப்பட்டது. 2,000க்கும் மேற்பட்டவர்கள் வெளியே வந்தார்கள். ஆலை அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துக்குப் போனது, அதில் ஒரு சிறு பங்கு ஆட்களோடு. ஏற்றத்தைப் பிறகு நாடாளுமன்றமே தள்ளிப்போட்டது. சதவீதமாகப் பார்த்தால் முதல் ஏற்றம் 15 சதவீதம்தான். ஆனால் விற்கும் இடத்தில் ஒரு சென்ட்கூட ஏற்ற வழியில்லை.

அடுத்தது, பாடப்புத்தகத்தின் ஒற்றை வரி ஏன் பல இடங்களில் தோற்கிறது என்ற விஷயம். ஓர் ஊரில் ஒரே ஒரு நூற்பாலை என்று வையுங்கள். 100 பேர், நாள் கூலி 400. இன்னும் 10 பேர் வேண்டும்; 420 கொடுத்தால்தான் பக்கத்து ஊரிலிருந்து வருவார்கள். புதியவருக்கு 420 என்றால் பழையவர் சும்மா இருக்கமாட்டார், எல்லோருக்கும் 420 ஆக வேண்டும். 100 பேருக்கு 40,000 கொடுத்த இடத்தில் 110 பேருக்கு 46,200. அதாவது 10 பேருக்கு 6,200 கூடுதல், ஆளுக்கு 620. புது ஆள் நாளில் 550 ரூபாய்க்குத்தான் வேலை செய்து கொடுப்பார் என்றால் முதலாளி ஆள் எடுக்கமாட்டார், "ஆள் கிடைக்கவில்லை" என்று சொல்லிக்கொண்டு 100 பேரோடு ஓட்டுவார். இப்போது சட்டம் எல்லோருக்கும் 420 என்கிறது. பழையவருக்கான 20 ரூபாய் எப்படியும் போயே தீரும். இனி புது ஆளுக்கு 420 மட்டும்தான் செலவு, வரவு 550. ஆகவே 10 பேரையும் எடுப்பார். கூலியும் ஏறியது, வேலையும் கூடியது. அதே சட்டம் 600 என்று போட்டிருந்தால்? 550க்கு வேலை செய்கிறவரை வைத்திருப்பதே நஷ்டம், ஆள் குறையும். ஒரே ஆலை, இரண்டு விதமான முடிவு. வாசல் ஒன்றுதான் என்ற நிலை கூலியை அழுத்தி வைக்கிறது. அந்த அழுத்தம் எவ்வளவோ அவ்வளவுதான் சட்டத்துக்கு இடம்.

ஜெர்மனி 2015 ஜனவரி 1 அன்று முதல் முறையாக நாடு முழுவதற்கும் மணிக்கு 8.50 யூரோ என்று வைத்தது. கிறிஸ்டியன் டஸ்ட்மன் குழு 2022இல் வெளியிட்ட ஆய்வில் மொத்த வேலை குறையவில்லை. ஆனால் தொழிலாளர்கள் சிறிய, குறைந்த கூலிக் கடைகளிலிருந்து கூடுதல் கூலி தரும் நிறுவனங்களுக்கு நகர்ந்திருந்தார்கள். மூடிய சின்னக் கடையின் முதலாளியிடம் கேட்டால் "கூலி ஏற்றம் என்னை ஒழித்துவிட்டது" என்பார். அவர் சொல்வதும் மெய்தான்.

இதை நம் ஊர்த் தொழில்களுக்கு வைத்துப் பார்ப்போம். திருப்பூரில் தெருவுக்குத் தெரு "டெய்லர் தேவை, செக்கிங் தேவை" என்று பலகை தொங்குகிறது. ஷிப்டுக்கு 20 ரூபாய் கூடக் கொடுத்தால் அடுத்த கம்பெனிக்குத் தாவிவிடுவார்கள். அங்கே முதலாளி கூலியை அழுத்தி வைப்பது கடினம். உண்மையான கூலி பல நேரம் சட்டக் கூலிக்கு மேலேயே ஓடுகிறது, அதை நிர்ணயிப்பதும் சங்கங்களும் உற்பத்தியாளர்களும் போடும் ஒப்பந்தம்தான். எனவே மிதமான சட்ட ஏற்றம் டெய்லரைத் தொடுவதே குறைவு. தொடுவது கைமடி, அடுக்கிக் கட்டும் ஹெல்பர் போன்றவர்களை. ஆனால் ஏற்றுமதி ஆர்டருக்கு விலை வைப்பது வெளிநாட்டு வாங்குபவர், பக்கத்தில் வங்கதேசம். ஹங்கேரியும் சமோவாவும் எச்சரிப்பது இந்த இடத்தில்தான். அங்கே பெரிய ஏற்றம் ஒரே நாளில் வந்தால், கம்பெனி மூடுவதற்கு முன் வேலையைப் பவர்டேபிள் என்னும் சின்னத் தையல் கொட்டகைகளுக்கும் ஜாப் ஒர்க்குக்கும் வெளியே தள்ளும். கணக்கில் ஆள் குறைந்ததாகத் தெரியும், உண்மையில் அதே ஆள் அதே வேலையைச் சட்டம் எட்டாத கொட்டகையில் செய்வார்.

விடுதி வைத்து வெளியூர்ப் பெண்களை வேலைக்கு வைக்கும் நூற்பாலை வேறு. வாயிலைத் தாண்டிப் போகவே அனுமதி வேண்டிய இடத்தில் அடுத்த வேலை தேடுவது எப்படி? மேலே போட்ட 400, 420 கணக்கு அப்படியே பொருந்துவது இங்கேதான். ஓட்டல், ஜவுளிக்கடை, ஆஸ்பத்திரித் துப்புரவு, செக்யூரிட்டி வேலைகளை வங்கதேசத்துக்கு அனுப்ப முடியாது. ஓட்டல் செலவில் 30 சதவீதம் கூலி என்று வைத்தால், கூலி 10 சதவீதம் ஏறினால் செலவு 3 சதவீதம் ஏறும். 60 ரூபாய் தோசை 62 ஆகும். தெருவில் எல்லாக் கடையும் ஒரே நாளில் ஏற்றினால் கூட்டம் குறையாது. ஒரு கடை மட்டும் சட்டப்படி நடந்து, மற்றவர்கள் ஏமாற்றினால் அந்த ஒரு கடைதான் சாகும். சட்டப்படி நடக்கும் முதலாளிகள் லேபர் ஆபீஸின் சோதனையை எதிர்ப்பதில் எனக்குப் புரியாத விஷயம் இது.

சோதனை என்று வந்துவிட்டதால்: மேற்கத்திய ஆய்வுகள் பெரும்பாலும் சட்டம் சொன்ன கூலி கைக்கு வருகிறது என்று எடுத்துக்கொண்டே தொடங்குகின்றன. நம்மிடம் ஆராய்ச்சி தொடங்க வேண்டிய இடம் அதற்கு முந்தியது. ஏமாற்றும் வழிகள் பழகியவை. 26 நாள் வேலை பார்த்தவருக்குப் பதிவேட்டில் 18 நாள் எழுதுவது ஒன்று: 18 நாளுக்குக் கணக்கிட்டால் நாள் கூலி சட்டப்படி சரியாகத் தெரியும், பி.எஃப். செலுத்துவதும் குறையும். இரண்டாவது, பன்னிரண்டு மணி நேர வேலைக்கு ஒரு நாள் கூலி. மூன்றாவது பீஸ் ரேட்.

பீஸ் ரேட்டில் பலரும் தவறாக நினைப்பது, "பீஸுக்குக் கூலி என்றால் குறைந்தபட்சக் கூலி பொருந்தாது" என்பது. பொருந்தும். 1948ஆம் வருடக் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பீஸுக்கென்று தனிக் கூலி நிர்ணயிக்காத வேலையில் நேரக் கூலிக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும் என்றது; 2019 ஊதியத் தொகுப்புச் சட்டத்திலும் அதே ஏற்பாடு உண்டு. உதாரணத்துக்கு ஒரு தையலுக்கு 2.40 ரூபாய், எட்டு மணி நேரத்தில் 190 பீஸ் ஓடியது என்றால் 456 ரூபாய். அந்த வேலைக்கு அறிவித்த நாள் கூலி 480 என்று வைத்தால் 24 ரூபாய் பாக்கி. 26 நாளுக்கு 624. ஊசி உடைந்து, கட்டிங் வராமல், கரண்ட் போய் நின்ற நேரத்தையும் வேலை நேரமாகவே எழுதி வைக்க வேண்டும். பீஸ் குறைந்ததற்குத் தொழிலாளி காரணம் இல்லை. ஒரு சின்ன நோட்டில் தேதி, வந்த நேரம், போன நேரம், பீஸ் எண்ணிக்கை, கையில் வாங்கிய தொகை என்று ஐந்து கட்டம் போட்டு எழுதினால் போதும். பழைய சட்டத்தில் ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் ஊதியத் தொகுப்பில் மூன்று வருடம். பாக்கியோடு பத்து மடங்கு வரை இழப்பீடும் கேட்கலாம். பழைய சட்டம் அட்டவணையில் இருந்த தொழில்களுக்கு மட்டும்தான். புதியது எல்லா வேலைக்கும்.

சட்டம் கைக்கு எட்டாத இடத்தில் கூலி ஏற வேறு வழி உண்டா என்பதற்கு இந்தியாவிலிருந்தே ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. கார்த்திக் முரளிதரன், பால் நீஹாஸ், சந்தீப் சுக்தங்கர் மூவரும் பிரிவினைக்கு முந்தைய ஆந்திராவில் நூறு நாள் வேலைத் திட்டத்தின் கூலியைக் கைரேகை அட்டை வழியாக ஒழுங்காகக் கொடுக்கும் ஏற்பாட்டை மண்டலம் மண்டலமாகக் குலுக்கல் முறையில் நடைமுறைக்குக் கொண்டுவரச் செய்து அளந்தார்கள். 2023இல் வெளிவந்த முடிவு: திட்டத்தில் சேர்ந்த குடும்பங்களின் வருமானம் 14 சதவீதம் ஏறியது, வறுமை 26 சதவீதம் குறைந்தது. இதில் கவனிக்க வேண்டியது, அந்த வருமான ஏற்றத்தில் 86 சதவீதம் நூறு நாள் வேலையிலிருந்து வரவில்லை, வெளியே தனியார் வேலையிலிருந்து வந்தது. கூலியும் ஏறியது, தனியார் வேலையும் கூடியது. நிலம் சில கைகளில் குவிந்திருந்த ஊர்களில் வேலை அதிகமாகவே கூடியது. மேலே போட்ட ஒற்றை நூற்பாலைக் கணக்கின் மறுபதிப்புதான் இது: "நீ இல்லாவிட்டால் எனக்கு வேறு வாசல் இருக்கிறது" என்று சொல்ல முடிந்த மாத்திரத்தில், பண்ணையார் கூலியை ஏற்றியும் ஆள் எடுக்கிறார்.

தமிழ்நாட்டில் குறைந்தபட்சக் கூலி ஏற்றத்தைப் பற்றி இப்படி ஓர் ஆய்வு செய்வது ஏன் கடினம் என்றும் சொல்லிவிடுகிறேன். இங்கே அடிப்படைக் கூலியை அரசாணை நிர்ணயிக்கிறது. பஞ்சப்படி ஏப்ரல் 1 தோறும் சென்னை நுகர்வோர் விலைக் குறியீட்டை வைத்து ஏறுகிறது, முந்தைய ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான சராசரிப்படி. மாநிலம் முழுக்க ஒரே நாளில், ஒரே காரணத்தால் ஏறினால் ஒப்பிட ஓர் "அக்கரை" கிடைக்காது. விலைவாசி ஏறியதால் கூலி ஏறியதா, கூலி ஏறியதால் விலை ஏறியதா என்று பிரிக்கவும் முடியாது. நல்ல இடம் ஓசூர். இப்பக்கம் சிப்காட், அப்பக்கம் கர்நாடகத்தின் அத்திப்பள்ளி, பொம்மசந்திரா. ஒரே மாதிரியான பட்டறைகள், வெவ்வேறு அரசாணை. ஆனால் காலை ஷிப்டுக்குப் பஸ்ஸில் எல்லை தாண்டுகிறவர்கள் ஏராளம், ஆகவே ஒரு பக்கத்துக் கூலி மறுபக்கத்தையும் இழுக்கும். இடைவெளி உண்மையைவிடச் சிறிதாகத் தெரியும். பி.எஃப். மாதக் கணக்கில் ஆள்வாரியாகச் சம்பளமும் வேலைக்கு வராத நாளும் இருக்கின்றன, அது பெரிய சொத்து. இருபது பேருக்குக் கீழ் உள்ள பட்டறை பெரும்பாலும் அதில் இல்லை. அந்த "வராத நாள்" கட்டத்தை அப்படியே நம்பினால், 26 நாளை 18 ஆக எழுதிய கதைதான் ஆராய்ச்சி முடிவாக வெளிவரும். பட்டறை வாசலில் நின்று ஷிப்டுக்கு எத்தனை பேர் உள்ளே போகிறார்கள் என்று எண்ணி அதோடு ஒப்பிட்டால்தான் கணக்கு நிற்கும்.